தபால்தலை

தொண்ணூற்று நான்கு ஜனவரி, இண்டியானா.
எழுபதாம் நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை.
தட்டுக் கழுவும் தொட்டிக்கு மேல் சதுரமாய் ஒரு திறப்பு.
கடை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.
மணிக்கு நாலேகால் டாலர் எனக்கு.
யாரும் எனக்கென்று காசு வைத்துப் போவதில்லை,
நானும் யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை.

ரொவீனாவுக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்.
மிச்சத்தை
முட்டை தின்ன வருகிறவர்கள் முடிவு செய்வார்கள்.
லாரிக்காரர்களுக்கு ஒரு சிரிப்பு,
சர்ச் முடிந்து வரும் குடும்பங்களுக்கு வேறொன்று,
தனியாக வரும் கிழவர்களுக்குக்
காபியோடு கொஞ்சம் காதும் கொடுக்க வேண்டும்.
கடைவாய்ப் பல் வீங்கியிருந்த வாரத்திலும்
அவள் ஒன்றைக்கூட மாற்றிப் போடவில்லை.

குறைந்தால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம்.
போன வருஷம் ஒருத்தி கேட்டாள்.
அடுத்த வாரம் அவளுக்குச்
செவ்வாய் மத்தியானம் மட்டும்தான் வேலை.

வியாழன்தோறும் பிரெண்ட்லிங்கர் வருவார்,
ஓய்வு பெற்ற குடிமையியல் வாத்தியார்.
இரண்டு முட்டை, கருகாத ரொட்டி.
கார்டுச் சீட்டில் டிப்ஸ் என்ற இடத்தில்
அடிக்கோல் வைத்ததுபோல ஒரு கோடு.
"இது கூலியா, இனாமா?
கூலி என்றால் மெர்ல் கொடுக்கட்டும்.
இனாம் என்றால் அதை நம்பி
வாடகைக்கு யாராவது கையெழுத்துப் போடுவார்களா?"
கஞ்சர் இல்லை. பனியில் மாட்டிய காருக்கு
மணல் சுமந்து வந்து கொட்டுகிற ஆள்.
தொட்டியில் கைவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்த நானும்
அவர் கட்சிதான். சும்மா கிடைத்த கட்சி.

அந்த வியாழன் ஓர் உறை கொண்டுவந்தார்.
மெர்லின் பெயர், முகவரி, தலை ஒட்டியாகிவிட்டது.
"தபால் பெட்டி பனிக்குள் போய்விட்டது,
நீயே கொடுத்துவிடு."
கொடுத்துவிட்டுக் கோடு போட்டார்.

என் தொட்டியருகே நின்று பிரித்தாள்.
மூன்று பக்கம். ஒரு பிழை கிடையாது.
உழைப்பவள் கூலிக்காக
உண்பவன் தயவில் நிற்கலாகாது, என்று தொடங்கி.
ரொவீனா கடைசி வரி வரைக்கும் படித்தாள்.
"எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்."
பிறகு உறையை என் வெந்நீர் ஆவியில் பிடித்தாள்.
பசை இளகியது. மூலையை நகத்தால் நெம்பி
இருபத்தொன்பது சென்ட் தலையைக் கிழியாமல் உரித்து
எரிவாயு பில்லுக்கான உறையில் ஒட்டி
ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு
ஏழாம் மேசைக்கு ஜாம் எடுத்துப் போனாள்.

கடிதத்தை மெர்லிடம் கொடுக்காமல் இல்லை.
அவர் கல்லாவில் நின்றே படித்தார்.
"நல்ல கையெழுத்து," என்றார்.

அதையே அடுத்த வியாழன் அவரிடம் சொன்னாள்,
காபி ஊற்றிக்கொண்டே, ஒரு சொல் கூட்டாமல்.
அன்றைக்கும் கோடுதான்.
ஆனால் தொடங்கும் இடத்தில் பேனா
நெடுநேரம் அழுந்தி நின்றிருக்கிறது.
கார்பன் தாண்டி
அடிப்பிரதியிலும் ஒரு புள்ளி என்று
ரொவீனா கொண்டுவந்து காட்டினாள்.
"இதை எங்கே மாற்றுவது?"
நானும் சிரித்தேன், கடன் இல்லாத சிரிப்பு.

சனிக்கிழமை பக்கத்து ஊரில்
ஒரு பர்கர் தின்றேன். இருபது சதவீதம் வைத்தேன்.
கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்,
மெர்ல்கள்தான் கொடுக்க வேண்டும், இன்றைக்கும் சொல்வேன்.
பரிமாறிய பையன் நன்றாகச் சிரித்தான்.
அவனுக்குப் பல் வலிக்கிறதா என்று
எவ்வளவு பார்த்தும்
கண்டுபிடிக்க முடியவில்லை.