அனாமத்து

ஒன்றில் தொடங்கினால் ரொக்கம்.
இரண்டில் தொடங்கினால் மனிதர்கள்:
நமக்குத் தர வேண்டியவர், நாம் தர வேண்டியவர்,
ஒரே வீட்டின் இரண்டு அறைகளில்.
மூன்று சரக்கு. எண்ணெய், உப்பு, தகரம்,
இன்னும் டப்பாவுக்குள் போகாத மத்தி.
நான்கு இயந்திரங்கள். ஐந்து முதலாளி.
ஆறு போனது. ஏழு வந்தது.
எட்டு, எல்லாம் முடிந்தபின் மிச்சம்;
மிச்சம் இருந்தால்.

மட்டோசின்யோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
மீன் அடைக்கும் ஆலையின் மாடியறை என்னுடையது.
கீழே பெண்கள் தலை கிள்ளி, குடல் எடுத்து,
அளவு பார்த்து அடுக்குகிறார்கள்.
மேலே நான் செய்வதும் அதுதான் என்று எழுதினால்
அழகாக இருக்கும். பொய்.
அவர்கள் கைக்கு ஒரு மீன் ஒருமுறைதான் வரும்.
எனக்கு ஒவ்வொன்றும் இருமுறை:
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
உள்ளே வருவதைப் பற்று வை என்றார்கள் வகுப்பில்.
வந்ததை ஏன் வரவு என்று எழுதக்கூடாது
என்று கேட்ட ஃபெர்மீனோ
இப்போது லாரி ஓட்டுகிறான்.
என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறான்.

ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி
எங்கள் வங்கிக் கணக்கில் நாற்பது யூரோ விழும்.
பெயர் இல்லை. காரணம் இல்லை.
வியானா கிளையில் யாரோ ரொக்கமாகக் கட்டியது.
பணத்துக்கு ஒரு கால் ஊன்றியாயிற்று,
மறு காலை எங்கே வைப்பது?
அனாமத்தில் வைத்தேன்.
எல்லாப் பேரேட்டிலும் அப்படி ஒரு பக்கம் உண்டு,
ரயில் நிலையத்தில்
மறந்துபோன குடைகளை அடுக்கும் அலமாரி மாதிரி.
அங்கே எதுவும் நெடுநாள் தங்கக்கூடாது என்பது விதி.
தங்கியது
ஐந்தாண்டு, பதினொரு மாதம்.

தணிக்கைக்கு வந்த கஸ்டோடியோவுக்குத் தொகை பிடிக்கவில்லை.
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.
"யாருடையது?"
தெரியாது.
"அப்படியானால் நம்முடையது. ஏழில் போடுங்கள்."
முதலாளி ஹெர்மெனெஜில்டோ தலையாட்டினார்.
ஐந்தாம் எண்காரர் அவர்,
ஏழு ஏறினால் எட்டு ஏறும் என்று தெரிந்தவர்.

ஓர் இரவு தவணை கேட்டேன்.

கணினி தொகையைத்தான் தேடும்;
அந்தத் தொகை எங்கும் இல்லை.
பழைய வாராக்கடன் பட்டியலை
விரல் வைத்துப் படித்தேன்.
மூடிய உணவகங்கள், ஆவேரோவில் ஒரு விடுதி,
இறந்துபோனவர் இருவர்,
கித்தேரியா மளிகை, வியானா:
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது.
ஒவ்வொரு பட்டியலிலும் கெடு, மாதம் ஒன்பது.
தள்ளுபடிக் கையெழுத்து என்னுடையது.

அவளை ஒரே வரியில் செலவாக்கியிருக்கிறேன், ஆறில்.
அவளுக்குச் சொல்லவில்லை.
தள்ளுபடி கடன்காரரிடம் சொல்லும் செய்தியல்ல,
நமக்கு நாமே மூடிக்கொள்ளும் கதவு.
அவள் ஏட்டில் நாங்கள் அப்படியே இருந்திருக்கிறோம்.
என் பக்கம் நான் கிழித்த பற்று
அவள் பக்கம் வரவாக நின்று,
நாற்பது நாற்பதாகத் தேய்ந்துகொண்டு.

காலையில் கஸ்டோடியோ காகிதத்தைப் புரட்டினார்.
"மீண்டுவந்த கடன். சரி.
அதுவும் ஏழுதானே, அம்மா.
ராத்திரி முழுக்க உட்கார்ந்து என்ன மாறியது?"
ஏழுதான். உட்பிரிவு வேறு.
விவரம் என்ற நெடுவரிசையில்
இடம் போதாமல் சுருக்கி எழுதினேன்:
கித்தேரியா, வியானா, 71 தவணை.

எழுபத்திரண்டு இருக்க வேண்டும்.
டிசம்பர் ஒன்பது வந்து போய்விட்டது.
கடையின் எண்ணுக்கு அழைத்தேன்.
மணி அடிக்கிறது,
பிறகு அதுவே நின்றுவிடுகிறது.

இன்று முப்பது. கீழே தரை கழுவுகிறார்கள்.
அனாமத்தில் இருப்பு: பூஜ்யம்.
பயனில்லாத கணக்கை நீக்கவா
என்று கேட்கிறது திரை.
வேண்டாம் என்று அழுத்துகிறேன்.
ஒன்பதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்.