வெளிச்சுவரில்

ஆறு லிட்டர். வெள்ளை உடம்பு.
நடுவில் கையகலக் கண்ணாடி,
நெருப்பு எட்டிப் பார்ப்பதற்கு.

மார்கழி பிறந்து நாலு நாள்.
வெண்ணாறு கலங்கி ஓடுகிறது.
கூத்தாநல்லூரில் சாயங்காலமானால்
மின்சாரம் நூற்றெழுபதுக்கு இறங்கிவிடும்,
கரண்ட் ஹீட்டர் பல்லிளிக்கும்.
அதனால்தான் கேஸ்.

"உள்ளேயே மாட்டிடுங்க" என்றார் ஹாஜா நஜ்முதீன்.
ஷவருக்குப் பக்கத்தில் பென்சிலால்
ஒரு சதுரம் வரைந்தே வைத்திருந்தார்.
டைல்ஸ் புதுசு, அடி எண்பத்தைந்து
என்பதை இரண்டு தரம் சொன்னார்.

நான் டைல்ஸைப் பார்க்கவில்லை.
ஐந்துக்கு நாலு அறை.
மேலே வென்டிலேட்டர்:
அட்டை, அட்டைமேல் பாலிதீன்,
அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாய் பிரவுன் டேப்.

"பக்கத்து வீட்டுல மாடி எடுத்துட்டாங்க,"
கதவுக்குப் பின்னாலிருந்து சபுரா பீவியின் குரல்,
"அவங்க படிக்கட்டு நேரா இங்கதான் பார்க்குது."

நெருப்புக்கும் நமக்கும் சாப்பாடு ஒன்றுதான்.
இது தெரியாமலே ஏழு வருஷம்
ஸ்பானர் பிடித்திருக்கிறேன்.

நீடாமங்கலம், ஸ்டேஷனுக்குப் பின்தெரு.
கேட்ட இடத்தில், உள்ளேயே மாட்டிக் கொடுத்தேன்.
கூலி அறுநூறு, சந்தோஷத்துக்கு ஐம்பது.
நாற்பதாம் நாள் போன் வந்தது.
பையன் பெயர் கமலக்கண்ணன், பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
தலையில் ஷாம்பு நுரையோடு
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம்,
பஸ்ஸில் தூங்குகிறவன் மாதிரி.
கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும்.
இது கசிவில்லை.
காற்று போதாத நெருப்பு விட்ட மூச்சு,
வாடை கிடையாது அதற்கு.

பிழைத்துக்கொண்டான்.
தாழ்ப்பாள் துருப்பிடித்து
ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது.
தங்கை தோளால் ஒரு இடி, அவ்வளவுதான்.
"முதல்ல இந்தத் தாழ்ப்பாளை மாத்துங்க" என்று
சொல்லிவிட்டு வந்தவன் நான்.
அவர்கள் சோம்பேறிகளாய் இருந்தார்கள்.

இதெல்லாம் ஹாஜாவிடம் சொல்லவில்லை.
"வெளிச்சுவர்" என்றேன்.
"இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."
வேற ஆள் இருக்கிறான். லெட்சுமாங்குடியிலேயே
இரண்டு பேர், அரை மணியில் வந்துவிடுவார்கள்.
அவர் டைல்ஸைத் தடவிக்கொண்டே நின்றார்.
கதவுக்குப் பின்னாலிருந்துதான் கேள்வி வந்தது:
"அட்டையை எடுத்துட்டா, அந்தப் படிக்கட்டு?"

அதற்கு என்னிடம் சொல் இல்லை, தகடு இருந்தது.
அலுமினியம், ஏழு துண்டு, ஒவ்வொன்றையும்
கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டினேன்.
உள்ளே விளக்கைப் போட்டு
ஒரு சிவப்புத் துண்டை ஆட்டச் சொல்லிவிட்டு
அடுத்த வீட்டில் அனுமதி கேட்டு
அந்தப் படிக்கட்டில் ஏறினேன்.
ஐந்தாம் படி. ஒன்பதாம் படி. மொட்டை மாடி.
தகடுதான் தெரிந்தது.
திரும்பி வந்து ஊதுபத்தி ஒன்று கொளுத்தினேன்.
புகை கொஞ்சம் தயங்கி
தகடுகளுக்கிடையே தலை குனிந்து போனது.

"சரி, ஓட்டை போடுங்க" என்றது குரல்.
ஹாஜா காதைப் பொத்திக்கொண்டார்.
ஒரு டைல்ஸ்தான் விரிந்தது.

வெளியே, மழை படாமல் தகரக் கூரை.
தரையில் பலகைக்கல், அதன்மேல் சிலிண்டர் நிமிர்ந்து.
டியூப் ஒட்டுப் போடாத ஒரே துண்டு,
மாற்ற வேண்டிய வருஷத்தை அதன்மேலேயே எழுதினேன்.
மூட்டுகளில் சோப்பு நுரை தடவினேன்.
ஒரு குமிழ் வீங்கியது.
ஒன்றே ஒன்று, கடுகளவு.
கழற்றி வாஷர் மாற்றி மறுபடி தடவி
குனிந்தபடியே காத்திருந்தேன்,
கால் மரத்துப்போகும்வரை.

குழாயைத் திறந்ததும் நெருப்பு எழுந்தது.
நீலம். மஞ்சள் துளிகூட இல்லை.
"மஞ்சளா எரிஞ்சா மூடிட்டு என்னைக் கூப்பிடுங்க."
ஹாஜா எண்ணைக் குறித்துக்கொண்டார்.
டைல்ஸுக்கு நூறைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

கிளம்புமுன் கதவைப் பார்த்தேன்.
பித்தளைத் தாழ்ப்பாள், புத்தம் புதுசு,
நாலு ஸ்க்ரூ, யானை இழுத்தாலும் வராது.
யாரையும் கேட்காமல்
இரண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தப்புதான்.
வீட்டில் பழைய பிஸ்கட் டப்பாவில்
முப்பத்தெட்டு கிடக்கின்றன.
இன்றோடு நாற்பது.