நூற்றுக்கு எண்பது

ஐஸ் கம்பெனி தனுஷ்கோடி
சாக்கில் உமி பொதிந்து ஒரு முழுப் பாளத்தைத்
தட்டுவண்டியில் ஏற்றிவந்து
மண்டல அலுவலகத்தில் என் மேசைமேல் இறக்கினார்.
"இதுல சாக்கடைக்கு எம்புட்டுப் போகுதோ
நீங்களே வெட்டி எடுத்துக்கங்க தாயி."

நோட்டீஸ் நான் அச்செடுத்ததுதான்.
பாதாளச் சாக்கடைக் கட்டணம். இனம்: தொழிற்சாலை.
உள்ளே வரும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பது
கழிவாக வெளியேறுவதாகக் கொள்ளப்படும்.
இந்தக் கொள்ளப்படும்
எங்கள் ஆபீசிலேயே மூத்த ஊழியர்.
அவருக்கு ஓய்வு வயது கிடையாது.

பக்கத்து மேசை இப்ராம்சா ஒரு சில்லை உடைத்து
வாயில் ஒதுக்கிக்கொண்டு
யாருக்கோ பிறப்புச் சான்று எழுதினார்.
பாளம் வியர்த்தது.
சலவைப்பட்டறை, லாட்ஜ், பரோட்டாக் கடை,
அடுக்கியிருந்த மனுக்கள் ஓரத்திலிருந்து நனைந்தன.
மெஸ் குருவம்மா எழுதியிருந்தார்:
சாம்பாரை ஊற்றுவதுதான் நான்,
குடித்தவர்கள் போவது அவரவர் வீட்டில்,
அதற்கும் நானா கட்டணும்?
அந்தத் தாளை மட்டும் தூக்கி ஃபேனடியில் வைத்தேன்.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு நெல்பேட்டை.
அம்மோனியா கண்ணைக் கடித்தது.
பலகை மூடிகளுக்கு அடியில்
உப்புத்தண்ணீரில் கழுத்தளவு நின்றன தகர டின்கள்.
மொக்கராசு ஒன்றைக் கொக்கியில் தூக்கி
தொட்டியில் முக்கினான்.
தகரம் பிடியை விட்டது.
கண்ணாடித் தூண் ஒன்று சறுக்கிக்கொண்டே
தெருவுக்குப் போயிற்று.
மீன் வண்டிக்கு, மோர்ப் பந்தலுக்கு,
கல்யாண மண்டபத்துக்கு,
நான் கேட்காமலே சொன்னான்,
இந்த ரெண்டும் ஆரப்பாளையத்தில் ஒரு சாவு வீட்டுக்கு,
மகன் வெளிநாட்டிலிருந்து வரணுமாம்.

தொட்டி வழிந்தது.
எனக்கு வேலை அந்த வழிசலோடுதான்.
குழாய் வாயில் பத்து லிட்டர் வாளி வைத்து
கைப்பேசியில் விநாடி பார்த்தேன். நாற்பது.
தினம் மூன்று மணி நேரம்.
இரண்டாயிரத்து எழுநூறு லிட்டர்.
உள்ளே வருவது பன்னிரண்டாயிரம்.
நூற்றுக்கு இருபத்திரண்டரை.
"சொட்டுக்கூடப் போகாது" என்று
சத்தியம் பண்ணியிருந்தார் தனுஷ்கோடி.
தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
எங்கள் பொய் அவருடையதைவிடப் பெரிசு என்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.

கணினியில் அந்தக் கட்டத்தைத் தட்டினால்
எண்பது வரும். நூறு வரும்.
இருபத்திரண்டரைக்கு இடமில்லை.
உதவிப் பொறியாளர் சிரித்தார்:
"மிச்சம் உருகி இதே ஊர்ச் சாக்கடையிலதான விழுது?
சாவு வீட்டுல போயி வசூல் பண்ணுவியா?"
பதில் இருந்திருக்க வேண்டும் என்னிடம்.
பேனா மூடியைத் தேடினேன்.

சாயங்காலம் ஜெபமாலை கடையில் அரைக்கிலோ சங்கரா.
மேலே ஒரு கை ஐஸ் நொறுக்கிப் போட்டாள்.
செல்லூர் வரைக்கும் சொட்டியது பை,
என் காலில், பாலத்தில்,
சிக்னலில் நின்ற ஆட்டோவின் நிழலில்.
வீட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன்.
செதிலும் சிவப்பும் கரையாத இரண்டு சில்லும்.
இணைப்பு இனம்: குடியிருப்பு.
எவ்வளவு ஊற்றினாலும் மாதத்துக்கு ஒரே தொகை.
ஒரு சில்லு சல்லடையில் மாட்டி
நின்று
பிறகு போயிற்று.

குறிப்புரைப் பத்தியில் எழுதிவைத்தேன்:
நேரில் ஆய்வு செய்யப்பட்டது.
வாளி பத்து லிட்டர், விநாடி நாற்பது.
மனுதாரர் கூற்று பெரும்பகுதி உண்மை.
தள்ளுபடி செய்ய விதி இல்லை.
உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

அன்றைக்கு என் மேசையில் நின்ற தண்ணீரை
இருளாயி மூன்று வாளி துடைத்துப் பிழிந்து
பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றினாள்.
அலுவலகக் கட்டடம். இனம்: விலக்கு.
அதைக் கோப்பில் சேர்க்கவில்லை.