வலிதான் அளவு

கந்தக அமிலம் நாணயமானது.
தொட்ட நொடியே தோல் அலறி
ஆளை எழுப்பிவிடும்.
இது வேறு சாதி.
தூங்குகிறவன் காலை எலி
ஊதி ஊதிக் கடிப்பதுபோல,
ஹைட்ரோஃபுளோரிக்
கதவைத் தட்டாமல் தோலைத் தாண்டி
எலும்பின் சுண்ணாம்பைத் தேடிப்போகும்.

துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை
இதில்தான் குளிப்பாட்டுகிறோம்,
பின்லாந்தின் வடகோடியில்,
ஆறு உறைந்து லாரிப் பாதையாகிவிட்ட மாதங்களிலும்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
அவசரக் குழாயில் மட்டும் எப்போதும்
வெதுவெதுப்பான தண்ணீர்.

மாதம் ஒருமுறை சரிபார்ப்பது என் வேலை.
குழாய், டிக்.
கண் கழுவும் தொட்டி, டிக்.
கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, காலாவதித் தேதி,
டிக்.

நவம்பரில் அந்த மூன்றாவது டிக்கைப் போட்டபோது
காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.
பெட்டியைத் திறக்கவில்லை.

ஊர்போவின் இடக்கை உறையில்
ஊசிமுனை அளவு ஓட்டை.
மோதிரவிரல் கொஞ்சம் ஈரமாக இருந்ததாம்,
வியர்வை என்று நினைத்தானாம்.
பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்தது.
சௌனாவில் உட்கார்ந்தான், மீன்சூப் குடித்தான்,
மகளின் பள்ளித் தாளில் கையெழுத்துப் போட்டான்.

இரவு இரண்டரைக்கு அவன் மனைவி மர்கெத்தா அழைத்தாள்.
பின்னால் ஒரு சத்தம்.
நாய் என்று நினைத்தேன்.
அவர்கள் வீட்டில் நாய் இல்லை.

மோதிரத்தைக் கழற்று.
குழாயடியில் பிடி.
நீ உறை போடாமல் அவன் விரலைத் தொடாதே.
ஃப்ரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்,
ஆலை கொடுத்த டியூப் இருக்கும், அதைத் தேய்.
தேய்த்துக்கொண்டே இரு.
ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாயா?

வர ஒரு மணி நேரமாகுமாம், என்றாள்.
டியூப் இருக்கிறது.
பிதுக்கினால் வரவில்லை.
கல்லாகக் கிடக்கிறது.

எங்கள் பெட்டியிலிருந்து போன டியூப் அது.

ஆலைக்கு ஓடினேன்.
அடியில் புதிதாக நான்கு இருந்தன,
பழையவற்றுக்குக் கீழே, யாரும் எடுக்காமல்.
அவர்கள் காரைப் பாதிவழியில் பிடித்தேன்.
நான் ஓட்ட, பின்சீட்டில் அவள்
ரப்பர் உறைக் கைகளால் தேய்த்தாள்.
வளைவில் ஏழெட்டுக் கலைமான்கள்
நடுச்சாலையில் நின்று
எங்கள் விளக்கையே வெறித்தன.
ஹாரனுக்கு அசையவில்லை.
இறங்கி, கைதட்டி, கெஞ்சி,
கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டினேன்.
இதெல்லாம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

மரத்துப்போக ஒரு ஊசி போடுங்கள், என்றாள் மர்கெத்தா.
மருத்துவர் வியெனோ தலையசைத்து மறுத்தார்.
வலியை அணைத்துவிட்டால்
அது எங்கே இருக்கிறதென்று எனக்கு யார் சொல்வது?
கால்சியத்தை ஊசியில் ஏற்றி ஏற்றி
ஒவ்வொரு முறையும் கேட்டார்:
இப்போது பத்துக்கு எத்தனை?
ஒன்பது.
ஒன்பது.
எட்டு என்று ஊர்போ சொன்னபோது
மணி ஆறு.
ஜன்னல் இன்னும் கறுப்பாகவே இருந்தது.
இங்கே அந்த மாதத்தில் விடிவதில்லை.

நகம் போயிற்று, விரல் இருக்கிறது.
நுனியில் இப்போது குளிர் தெரிவதில்லையாம்.
லாபம்தான் என்று சிரிக்கிறான்.
டிக்கைப் பற்றி அவன் கேட்கவில்லை.
மேலதிகாரியிடம் நானே எழுதிக்கொடுத்தேன்,
காபி இயந்திரம் உட்பட.

இப்போது ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால்
உறையை வீசிக் காற்றைப் பிடித்து,
வாயைச் சுருட்டி இறுக்கி,
ஐந்து விரலும் விறைத்த அந்தக் கையைக்
காதோரம் வைத்துக் கேட்கிறேன்.
பையன்கள் கேலி செய்கிறார்கள்,
யாரிடமிருந்து போன் என்று.

பேசாதிருங்கள்.
எலி ஊதுகிறதா என்று பார்க்கிறேன்.