பலகைச் சுவர்

எங்கள் லிஃப்டில் பதினான்கு கிடையாது.
13ஏ என்று ஒரு பொத்தான்.
அதை அழுத்தித்தான் வீட்டுக்கு வருகிறோம்.
எண்ணை ஒளித்தால் கெட்டது வராது என்று
யாரோ நம்பிக் கட்டிய கட்டடம்.

ஜெலுத்தோங்கில் இந்த விலைக்குக்
கடல் தெரியும் வீடு கிடைக்காது என்றார் தரகர்.
தெரிந்தது. பாலமும் தெரிந்தது,
இரண்டு வருஷம்.
அப்புறம் முகுந்தன் வந்தான்,
ஒரு பையும் ஒரு ரைஸ் குக்கரும்
பாதி முடிந்த விவாகரத்துமாக.

"மூணே மாசம், அண்ணி."

கூடத்தின் குறுக்கே பலகை அடித்தோம்.
சன்னல் அவன் பக்கம் போனது,
எங்களுக்குக் குழல்விளக்கு.
மூன்று மாதம் ஒன்பது வருஷமானது.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.
கேஸ் தீர்ந்தால் தோளில் தூக்கி வந்தவன்.
ரூபிணிக்குப் பின்னக் கணக்கு
பிடிபட்டது அவனால்தான்.
பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இரவு வேலை,
பகல் முழுக்கப் பலகைக்கு அந்தப் பக்கம் தூக்கம்.
கால் அங்குலப் பலகை.
அவன் புரண்டால் எங்கள் காலண்டர் ஆடும்.

மிக்சியைத் துண்டில் சுற்றி அரைத்தேன்.
குக்கர் விசிலைக் கரண்டியால் அமுக்கினேன்.
குணாளனோடு போட வேண்டிய சண்டைகளைக்
குளியலறையில் போட்டேன்,
குழாயைத் திறந்துவிட்டு.
தண்ணீர் பில் கூடிய மாதங்களைப் பார்த்தால்
எங்கள் கல்யாண வரலாறு தெரியும்.

போன பங்குனியில் சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டான்.
அங்கே ஒரு டீச்சர், இரண்டு பூனைகள்.
ரைஸ் குக்கரை எங்களுக்கே விட்டுவிட்டான்.

"வீட்டைக் கொஞ்சம் மாத்தலாமா?" என்றேன்.
"வெள்ளை அடிச்சுடலாம், விலை குறைவு" என்றார் குணாளன்.
ஊதா இல்லாவிட்டால் பேசவே மாட்டேன் என்றாள் ரூபிணி,
ஒன்றரை நாள் பேசாமலும் இருந்தாள்.
ஆ ஹெங் கடையில் வண்ண அட்டையை விரித்தால்
ஒரே மஞ்சளுக்கு நாற்பது பெயர்.
மோரில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தது போல்
ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.
எந்திரத்தில் டின் குலுங்கிற்று,
நின்றுகொண்டே பஸ்ஸில் போகிறவர் போல.
சாயத்துக்கும் கூலிக்கும் சேர்த்து ஆயிரத்து நூறு வெள்ளி.
ஒரு அறைக்கு மட்டும் ஊதா.

சனிக்கிழமை காலை ரொபிகுல் வந்தான், கடப்பாரையோடு.
முதல் பலகை வந்தபோது தூசி,
இரண்டாவதில் தொலைந்துபோன ஒரு ஜியோமெட்ரி பெட்டி,
மூன்றாவதில்
வெயில்.

கூடத்தைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைத் தாண்டி
நேராக அடுப்படிக்கே வந்து
பாத்திரத் தொட்டியில் இறங்கியது.
எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.
ஒன்பது வருஷமாகப் பளிச்சென்று தேய்த்ததாக
நினைத்திருந்த சட்டிகள்.
அத்தனையிலும் கரி.

தரையில் திருகு ஓட்டைகள் பதினொன்று.
வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்தான் ரொபிகுல்.
"கார்ப்பெட் போடுங்க கக்கா, தெரியாது" என்றான் மலாயில்.
போடவில்லை.
இல்லாத பலகையைச் சுற்றிக்கொண்டுதான்
இன்னமும் நான் பால்கனிக்குப் போகிறேன்.
தோள் தானாக ஒதுங்குகிறது.

அன்றிரவு, சாயம் காயாத கூடத்தில்
சாமான்களை நடுவில் குவித்துவிட்டு
மூவரும் தரையில் உட்கார்ந்தோம்.
சன்னலில் பாலம், வரிசையாக விளக்குகள்.
குணாளன் என் காதருகே குனிந்தார்.
ஏதோ சொல்லப் போகிறார் என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.
"குழம்புல உப்பு தூக்கல்" என்றார்,
மூச்சுக் காற்றால்.
"மெதுவா, மெதுவா" என்றேன் நானும்,
அதையும் கிசுகிசுப்பாக.

ரூபிணி தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.
"யாரும்மா தூங்குறா?"

வெறும் கூடம் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.
நாங்கள் இருவரும் சன்னல் பக்கம் பார்த்தோம்.
அங்கே யாரும் இல்லை, ஒரு சாய டின்னைத் தவிர.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது
எனக்கே தெரியாது.
பதிமூன்று மாடிக்குக் கீழே
மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர்
ஹெல்மெட்டைக் கழற்றி
மேலே பார்த்தார்.