மூன்றாம் தரம்

தொண்ணூற்றாறில், தடையையும் தாண்டி
பபிள்கம்மோட வன்னிக்குள் வந்த கிரிக்கெட் காட்.
ஒரு இடதுகைக்காரன், மட்டை ஓங்கினபடி.

சுகிர்தன் றொறன்ரோவில் தரம் பார்க்கக் குடுத்தான்.
நாலு.
பிளாஸ்ரிக் கூட்டை உடைச்சு
அதையே திரும்பவும் அனுப்பினான்.
ஆறு.
'மூண்டாந்தரமும் விடட்டோ மச்சான்?'

பரந்தன் மில்லில் நிக்கிறன்.
என்ர நெல்லுச் சாக்குக்குள் மீற்றரைக் குத்தி
ஈரம் பதினேழு எண்டுறான் பிரணவரூபன்.
காலமை பதினாலு.
'ஈரம் காத்திலயும் கிடக்குமண்ணை.'

நாலு போட்டவன் எழுதியிருந்தான்:
வலப்பக்கம் மேல், மெல்லிய மடிப்பு.
ஆறு போட்டவன் ஒண்டும் எழுதேல்லை.

மாத்தளன் பங்கருக்குள்
நான் குந்தியிருந்த மடிப்பு அது.

சுகிர்தன்,
ஆறை உடை.
மடிப்பைக் கண்டவனைத் தேடு.