வெள்ளிக்குள் பதில்

பத்தாம் வகுப்பில் நாலு பேர்,
பதினொன்றில் மூன்று.
அதில் ஒருத்திக்கு விசா சரிவந்தால் இரண்டு.
அதிபர் ஞானசேகரம் ஒளிக்காமல் சொன்னார்.

புங்குடுதீவுச் சந்திக் கடையில்
கொப்பி கேட்டேன்.
பிரஷர் மெசின் இருந்தது,
பெரிய ஆக்களுக்கான பம்பர்ஸ் இருந்தது.
கொப்பி அடுத்த கிழமை வருமாம்.

பென்சன் எடுக்க வந்தவர்கள்
என்னை நேர்ஸ் என்று நினைத்து
வரிசையில் முன்னுக்கு விட்டார்கள்.
கணித ரீச்சர் என்றதும்
ஒருவர் கனநேரம் யோசித்து
"ஆருக்கு?" என்றார்.

யாழ்ப்பாணத்தில் என் வகுப்பில்
நாற்பத்திரண்டு பேர்.
பின்வாங்கில் இருப்பவனின் பெயர்
தவணை முடியத்தான் பிடிபடும்.
இங்கே ஏழு பெயரும்
பஸ் வருமுன்னே பாடம்.

திரும்புகையில் மதிலுக்கு மேலால்
ஒரு மனுசி கூப்பிட்டாள்:
"பிள்ளை, நீ வந்தாலும் வராட்டிலும்
பத்தரை மணியை மட்டும் நிப்பாட்ட விடாதை.
அது அடிக்கத்தான் நான் குளிசை போடுறனான்."

பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்.
படிவம் மடியில்.
சம்மதம் / சம்மதமில்லை:
பொருந்தாததை வெட்டிவிடவும்.
பேனையைத் திறந்தேன்.
பஸ் குலுக்கியது, மூடினேன்.

பண்ணையில் இறங்கும்போதும்
எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஏழு.
விசா வந்தால் ஆறு.